சும்மா கிடக்கிற நிலம்னு எதுவும் இல்லைங்க

"சும்மாதானே கிடக்குது, அதுல ஒரு நல்ல மைதானம் கட்டினா பசங்க விளையாடுவாங்கல்ல?"

ஓ.எம்.ஆர். பக்கம் குடிவந்திருக்கிற படிச்ச நண்பர்கள் பல பேர் என்கிட்ட இப்படிக் கேக்குறாங்க. கெட்ட எண்ணத்துல கேக்கல. அவங்க பிள்ளைங்க பத்தாவது மாடியில, போனைக் கையில வச்சிக்கிட்டு வளருது. வெளிய விட இடமில்ல. அந்த ஆதங்கம் எனக்கும் புரியுது. ஆனா அந்தக் கேள்வியோட முதல் ரெண்டு வார்த்தை இருக்கே, "சும்மாதானே கிடக்குது", அதுதான் எங்க பகுதியில பாதி நிலத்தைத் தின்ன வார்த்தை. இந்தப் பதிவு அந்த ரெண்டு வார்த்தையைப் பத்தித்தான்.

விவசாயி கண்ணுக்கு சும்மா கிடக்கிற நிலம்னு ஒன்னு கிடையாது. நவரை அறுத்துட்டு சொர்ணவாரி போடாம விட்ட கழனியப் பார்த்து நீங்க தரிசும்பீங்க. அது மூச்சு வாங்குது, அவ்வளவுதான். ஏரி உள்வாயில கோடையில தண்ணி இருக்காது. மாடு மேயும், பசங்க கில்லி ஆடுவாங்க, மழை வந்தா திரும்பவும் ஏரி. மேய்க்கால்னு பழைய ஆளுங்க ஒதுக்கி வச்ச இடத்துல களாவும் காரையும் சூரையும் இலந்தையும் புதரா மண்டிக் கிடக்கும். பார்க்க அழகா இருக்காது. செல்ஃபி எடுக்க லாயக்கில்ல. ஆனா அந்தப் புதர்தான் மழைத்தண்ணிய நிறுத்தி, மண்ணுக்குள்ள இறக்கி, கீழ இருக்கிற எங்க கிணத்துக்கு அனுப்புது. கீரியும் உடும்பும் காடையும் அங்கதான் குடியிருக்கு. எங்க கழனியில எலியைப் பிடிக்கிற ஆந்தைக்கு வீடும் அங்கதான். சம்பளம் வாங்காம வேலை செய்யற நிலம் அது.

இதுக்கெல்லாம் சர்க்கார் கணக்குல ஒரே பேரு: புறம்போக்கு. பட்டா இல்லாத நிலம். ஊருக்கே சொந்தம்னு அதுக்கு அர்த்தம். ஆனா நாளாவட்டத்துல யாருக்கும் சொந்தமில்லாததுன்னு அர்த்தம் மாறிப்போச்சு. திட்டுற வார்த்தையாவே ஆயிடுச்சு. ஒரு நிலத்தோட பேரை முதல்ல கெடுத்துட்டா, அப்புறம் அந்த நிலத்தைக் கெடுக்கறது சுலபம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

காட்டையோ சதுப்பையோ எடுத்து அங்க ஃபேக்டரி கட்டுறோம்னா ஊரே எழுந்திரிக்கும். அபார்ட்மெண்ட் கட்டுறோம்னா நாலு பேராவது கேஸ் போடுவாங்க. குப்பைக் கிடங்குன்னா ரோட்ல உக்காந்துடுவாங்க. ஆனா விளையாட்டு மைதானம்னு சொல்லிப் பாருங்க. யாரு எதிர்ப்பாங்க? எதிர்த்தா, "பசங்க விளையாடுறது உனக்குப் பிடிக்கலையா?"ன்னு ஒரே கேள்வியில வாயை அடைச்சிடலாம். அதனாலதான் சொல்றேன், பொதுநிலத்துக்குள்ள நுழையறதுக்கு இருக்கிற வாசல்லயே ரொம்ப மரியாதையான வாசல் விளையாட்டுதான்.

எங்க படூர்ல இருந்து ஓ.எம்.ஆர்ல வடக்க போனா, நாவலூரைத் தாண்டினதும் செம்மஞ்சேரி. அங்க நூறு ஏக்கருக்கு மேல எடுத்து உலகத்தரத்துல ஒரு விளையாட்டு நகரம் கட்டப்போறதா தமிழக அரசு அறிவிச்சிருக்கு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டின பகுதி அது. மழைத்தண்ணி நின்னு போற இடம்னு சூழலியல் ஆர்வலர்கள் எதிர்ப்பு சொல்லிக்கிட்டே இருக்காங்க.

"செம்மஞ்சேரி எங்கியோ இருக்கு, படூர்க்காரனுக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேக்கலாம். தண்ணிக்குப் பஞ்சாயத்து எல்லை தெரியாதுங்க. தென்சென்னையோட ஏரிங்க நிரம்பி வழியற தண்ணி பள்ளிக்கரணையில வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு வரும். அப்புறம் தெற்க இறங்கி, எங்க ஊருக்குக் கிழக்கால இருக்கிற முட்டுக்காடு கழிமுகத்துல, கோவளத்துகிட்ட கடல்ல கலக்கும். மேல தண்ணிக்கு நிக்க இடம் இல்லன்னா அத்தனையும் ஒரே நேரத்துல கீழ வரும். வர்ற வழியில யாரு இருக்காங்களோ அவங்க வீட்டுக்குள்ள போகும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாப்போம். ஒரு ஏக்கர்ங்கறது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அது மேல 10 சென்டிமீட்டர் மழை பெஞ்சா, 4 லட்சம் லிட்டர் தண்ணி. நூறு ஏக்கர்னா 4 கோடி லிட்டர். கோடையில உங்க அபார்ட்மெண்டுக்கு வருதே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அந்த மாதிரி 3,300 லாரிக்கு மேல. இது வெறும் 10 சென்டிமீட்டர் மழைக்கு. 2015 டிசம்பர் 1, 2 தேதிகள்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அன்னிக்கு எத்தனை லாரின்னு நீங்களே பெருக்கிக்கோங்க.

பள்ளம் இந்தத் தண்ணி முழுசையும் குடிச்சிடும்னு நான் சொல்லல. அது தண்ணியப் பிடிச்சு வச்சி, பரப்பி, நாள் கணக்குல மெதுவா விடும். அதுதான் அதோட வேலை. ஸ்டேடியம் கட்டணும்னா முதல்ல மண்ணைக் கொட்டி மேடாக்கணும். கிராமத்துல சின்னப் பையனுக்கும் தெரியும், நம்ம வரப்பை ஒசத்தினா பக்கத்துக் கழனி மூழ்கும். செம்மஞ்சேரியில பக்கத்துக் கழனி யாருதுன்னு பாருங்க. சென்னையோட ஆத்தங்கரைகள்ல இருந்தும் குடிசைப் பகுதிகள்ல இருந்தும் லாரியில ஏத்திக்கிட்டு வந்து இறக்கின ஆயிரக்கணக்கான குடும்பங்களோட மறுகுடியமர்வு குடியிருப்பு அங்கதான் இருக்கு. ஒவ்வொரு பெருமழைக்கும் முழங்கால் தண்ணியில நிக்கறவங்க அவங்க. மேல மைதானம், கீழ வெள்ளம்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. கிண்டியில குதிரைப் பந்தய மைதானம் இருந்துச்சே, 160 ஏக்கர், 2024 செப்டம்பர்ல அதோட குத்தகையை ரத்து பண்ணி அரசு கையில எடுத்துச்சு. என்ன செஞ்சாங்க? வெள்ளத்தைத் தாங்க அங்க குளம் வெட்டினாங்க. மிச்சத்துல பசுமைப் பூங்கா அமைக்கிறோம்னாங்க. நல்ல காரியம், கைதட்டலாம். அப்ப தெரியாமயா இருக்கு? நகரத்துக்குத் தண்ணி நிக்க இடம் வேணும், மரம் நிக்க இடம் வேணும்னு தெரிஞ்சுதானே மைதானத்தைத் தோண்டிக் குளம் ஆக்குறாங்க? அதே அரசு இருபது கிலோமீட்டர் தெற்க வந்து, தண்ணி நிக்கிற இடத்தை மேடாக்கி மைதானம் ஆக்குறேங்குது. கிண்டியில ஒரு நியாயம், செம்மஞ்சேரியில ஒரு நியாயமா?

பள்ளிக்கரணை ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல விரிஞ்சு கிடந்த இடம். ஒரே நாள்ல யாரும் அதை அழிக்கல. குப்பை கொட்ட கொஞ்சம், ரோடு போட கொஞ்சம், ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொஞ்சம், ஐ.டி. கம்பெனிக்குக் கொஞ்சம்னு கிள்ளிக் கிள்ளித்தான் தீந்துச்சு. 2022ல 1,247 ஹெக்டேரை ராம்சார் தலமா அறிவிச்சாங்க. 2025 செப்டம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு, அந்த எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள புதுசா கட்டட அனுமதி குடுக்காதீங்கன்னு நிறுத்தி வச்சது. இத்தனை நடந்த பிறகும் அந்தப் பக்கத்து நிலத்தைப் பார்த்து "சும்மா கிடக்குது"ங்கறவங்க இருக்காங்க.

கிள்ளித் தின்னறதுக்கு இன்னும் தெளிவான சாட்சி வேணும்னா கிண்டி காட்டுக்கே போங்க. 1821ல சர்க்கார் 35,000 ரூபாய்க்கு வாங்கின எஸ்டேட் அது. 1910ல காப்புக்காடு ஆச்சு. அப்ப ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல. இன்னிக்கு தேசியப் பூங்காவா மிச்சம் இருக்கறது 270 ஹெக்டேர் சொச்சம். மீதி என்ன ஆச்சு? 1958ல ஐ.ஐ.டிக்கு ஒரு பெரிய துண்டு. 1961ல இருந்து 1977க்குள்ள கல்வி நிலையம், நினைவிடம்னு இன்னொரு 172 ஹெக்டேர். ராஜாஜிக்கு நினைவிடம் வேணாம்னு சொல்ல முடியுமா? காமராஜருக்கு வேணாம்னு சொல்ல முடியுமா? பிள்ளைங்க படிக்க காலேஜ் வேணாம்னு யாராவது சொல்வாங்களா? இதுதான் சூட்சுமம். ஒவ்வொரு துண்டும் நல்ல காரணத்துக்காகத்தான் போச்சு. கெட்ட காரணத்துக்காகக் காடு அழிஞ்சதா எந்த ஃபைல்லயும் இருக்காது. 1978ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சு வேலி போட்டதாலதான் இன்னிக்கு அங்க வெளிமான் நிக்குது. அந்த வேலி வரலன்னா இன்னும் நாலு நல்ல காரணம் உள்ள வந்திருக்கும்.

சரி, மைதானத்துக்காகவே எடுத்தாலும், அது மைதானமாவாவது இருக்குமா? ஐதராபாத்ல நடந்ததைக் கேளுங்க.

அங்க கச்சிபௌலியில, மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டி 400 ஏக்கர். ஊரு பேரே காஞ்ச கச்சிபௌலி. தெலுங்குல காஞ்சன்னா மேய்ச்சல் நிலம், நம்ம மேய்க்கால் மாதிரி. அரசுப் பதிவுல அதுக்கும் புறம்போக்குன்னுதான் பேரு. பாறையும் குட்டையும் மானும் மயிலுமா இருந்த காடு. 2003ல அப்ப இருந்த ஒருங்கிணைந்த ஆந்திர அரசு, விளையாட்டு வசதிகள் செஞ்சு குடுக்கறேன்னு வந்த ஒரு கம்பெனிக்கு அதைக் குடுத்துச்சு. 2006ல அடுத்து வந்த அரசு ரத்து பண்ணிச்சு. கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு. ஏறக்குறைய பதினெட்டு வருஷம் கேஸ். 2024ல அரசு ஜெயிச்சுது. ஜெயிச்சதும் காட்டைக் காடாவே விட்டாங்களா? ஐ.டி. பூங்காவுக்குன்னு ஏலம் விடக் கிளம்பிட்டாங்க! 2025 மார்ச் கடைசியில, ரம்ஜானும் உகாதியும் வர்ற லீவு நாள் பார்த்து, ராத்திரியும் பகலுமா ஜேசிபி இறங்குச்சு. மாணவர்கள் கத்தினாங்க, அடி வாங்கினாங்க. ஏப்ரல் 3ந்தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஒரு மரத்தைக்கூட வெட்டக்கூடாதுன்னு நிறுத்துச்சு. அதுக்குள்ள நூறு ஏக்கர் மொட்டை.

கதையோட வரிசையை கவனிச்சீங்களா? மேய்க்கால், அப்புறம் விளையாட்டு, அப்புறம் வழக்கு, கடைசியில ஐ.டி. பூங்கா. நடுவுல ஒரு பையன்கூட அங்க பந்து உதைக்கல. ஒரு தடவை நிலத்தோட வகைப்பாட்டை மாத்திட்டா, அது சந்தைக்கு வந்த மாடு மாதிரி. இன்னிக்கு உழவுக்கு வாங்கிட்டுப் போனவன் நாளைக்கு யாருக்கு விப்பான்னு யாருக்கும் தெரியாது.

தடுக்க முடியுமான்னு கேட்டா, முடியும். நம்ம சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்கிற சிங்கப்பூரையே எடுத்துக்குங்க. உள்ளங்கை அளவு ஊரு, நிலத்துக்குத் தங்க விலை. 1990களோட தொடக்கத்துல லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டின காட்டுல கோல்ஃப் மைதானம் கட்டத் திட்டம் வந்துச்சு. அங்க இருக்கிற இயற்கைச் சங்கத்துக்காரங்க சத்தம் மட்டும் போடல. காட்டுக்குள்ள இறங்கி, என்னென்ன செடி, என்னென்ன பிராணி, தண்ணிக்கு என்ன ஆகும்னு 1992ல சொந்தமா ஒரு ஆய்வறிக்கை தயார் பண்ணாங்க. 17,000 பேருக்கு மேல கையெழுத்து போட்டாங்க. திட்டம் கிடப்புல போடப்பட்டுச்சு. காடு இன்னிக்கும் அங்க இருக்கு. போராட்டத்துக்குப் பேர் போகாத ஊர்லயே இது நடந்திருக்கு.

அவ்வளவு தூரம் போவானேன், எங்க செங்கல்பட்டு மாவட்டத்துலயே வேடந்தாங்கல் இருக்கு. வெள்ளைக்கார சிப்பாய்ங்க அங்க வந்து பறவைகளைச் சுட்டப்ப, ஊர் ஜனங்க கலெக்டர்கிட்ட போய் முறையிட்டு, 1798ல உத்தரவு வாங்கினாங்க. பறவை ஆர்வலர்ங்கற வார்த்தையே இல்லாத காலம். ஏன் செஞ்சாங்க? அந்தப் பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி கழனிக்குப் பாஞ்சா நெல்லு நல்லா விளையும்னு அவங்களுக்குத் தெரியும். யூரியா மூட்டை மரத்து மேல உக்காந்திருக்குன்னு புரிஞ்ச ஜனங்க. "சும்மா கிடக்குது"ன்னு அவங்க சொல்லல. நம்ம பாட்டன் முப்பாட்டன் கணக்கு தெரிஞ்சவங்க. படிச்ச நாமதான் கணக்கு மறந்துட்டோம்.

இன்னொரு பக்கமும் எச்சரிக்கையா இருக்கணும். "சரிங்க, மைதானம் வேணாம், அழகான பூங்கா ஆக்கிடறோம்"னு சிலர் சமாதானத்துக்கு வருவாங்க. உடனே டைல்ஸ் போட்ட நடைபாதை, கொரியன் புல்லு, ஃபவுண்டன், டெரகோட்டா யானை. புதரை முழுசா வழிச்சு எடுத்துட்டு வரிசையா அலங்காரச் செடி வைப்பாங்க. இல்லன்னா, "ஒரு மரம் வெட்டினா பத்து மரம் நடுவோம்"பாங்க. காராச் செடியும் களாவும் வீரையும் உலக்கைப்பாலையும் சேந்து இருக்கிற நம்ம கடற்கரைக் காடு ஆமை மாதிரி மெதுவா வளரும். நாப்பது அம்பது வருஷத்துப் புதருக்குப் பதிலா பத்து பிளாஸ்டிக் பை கன்னு எப்படிங்க ஈடாகும்? தாத்தாவ அடக்கம் பண்ணிட்டு, பத்து குழந்தை பொம்மை வாங்கித் தர்றேங்கற மாதிரி இருக்கு. வனப்பூங்காவுல வனம் இருக்கணும். பாம்பு இருந்தா இருக்கட்டும். முள்ளு குத்தினா குத்தட்டும்.

அதே மாதிரி, மைதானம்னாலே பச்சைதானேன்னு நெனைக்காதீங்க. இப்ப ஓ.எம்.ஆர். ஓரம் பூரா முளைச்சிருக்கே டர்ஃப், அது புல்லு கிடையாது, பிளாஸ்டிக். மண்ணுக்கும் மழைக்கும் நடுவுல விரிச்ச பாய். வெயில்ல அடுப்பு மாதிரி கொதிக்கும், சில ஊர்கள்ல சூடு தணிக்கத் தண்ணி தெளிச்சித்தான் ஆடவே இறங்குறாங்க. அதுல கொட்டுற ரப்பர் குருணை மழையில அடிச்சிக்கிட்டு வாய்க்கால்ல சேருது. இந்தக் குருணை மாதிரியான நுண்பிளாஸ்டிக் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023ல தடை கொண்டாந்து, மைதானங்களுக்கு எட்டு வருஷம் அவகாசம் குடுத்திருக்கு. அவங்க கழட்டிப் போடற நேரத்துல நாம மாட்டிக்கிறோம்.

இவ்வளவு சொல்ற நான் பிள்ளைங்க விளையாடக் கூடாதுன்னு சொல்றேனா? சொல்றவன் வாய்ல மண்ணு. எங்க ஊர்ப் பசங்களுக்கு விளையாட இருந்த இடம்லாம் எங்க போச்சுன்னு கேளுங்களேன். களத்துமேடு மனையாச்சு. மந்தைவெளி காம்பவுண்டு ஆச்சு. ஏரி உள்வாய்ல பாதி ரோடாச்சு. எங்க கழனிக்கு வர்ற வாய்க்கால் ஒன்னு ஒரு மனைப்பிரிவுக்குள்ள நுழைஞ்சு, சிமெண்ட் பைப்பா சுருங்கி, இப்ப எந்தப் பக்கம் வெளிய வருதுன்னே தெரியல. காசு வாங்காம விளையாடக் குடுத்த நிலத்தையெல்லாம் வித்துட்டு, இப்ப மணிக்கு இவ்வளவுன்னு வாடகை கேக்குற டர்ஃப்ல நிறுத்தியிருக்கோம். கூலிக்காரன் பிள்ளை கம்பி வலைக்கு வெளிய நின்னு வேடிக்கை பாக்குது. நூறு ஏக்கர் விளையாட்டு நகரம் வந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் கேட்டு திறக்குமா?

2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல நம்ம நாட்டுப் பொண்ணுங்க கபடியில தங்கம் ஜெயிச்சாங்க. அந்த அணியில ஆடின கார்த்திகா எந்த ஊரு? இதே ஓ.எம்.ஆர். கண்ணகி நகர். உலகத்தர நகரத்துல இருந்து வரல அந்தப் பொண்ணு. நடந்து போற தூரத்துல ஆட ஒரு இடமும், சொல்லிக்குடுக்க ஒரு ஆளும் இருந்தா போதும்னு அந்தப் பொண்ணு காட்டிடுச்சு. ஒரு முழு அளவு கால்பந்து மைதானத்துக்கே ரெண்டு ஏக்கர் போதும். கபடிக்கு நாலு சென்ட் கூட வேணாம். ஒரே இடத்துல நூறு ஏக்கரை விழுங்கறதுக்குப் பதிலா, ஊருக்கு ஒரு சின்ன மைதானம் குடுங்க. பிள்ளை சைக்கிள்ல போகும், இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வரும்.

இடம் எங்கன்னு கேப்பீங்க. இருக்கு. உங்க கேட்டுக்குள்ளயே இருக்கு.

தமிழ்நாட்டுக் கட்டட விதிகள்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது ஏறக்குறைய ரெண்டரை ஏக்கருக்கு மேல மனை பிரிக்கிறவங்களும் பெரிய குடியிருப்பு கட்டுறவங்களும் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியா ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் குடுக்கணும். ஓ.எஸ்.ஆர். நிலம்னு சொல்வாங்க. பூங்காவுக்கும் விளையாட்டுக்கும்னே வச்ச நிலம். அது பொதுச்சொத்து. ஓ.எம்.ஆர்ல எத்தனை நூறு மனைப்பிரிவு, எத்தனை கோபுரம்! அத்தனையிலயும் பத்து சதவீதம் எங்க? சில இடத்துல காம்பவுண்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, செக்யூரிட்டி உள்ள விடறதில்ல. சில இடத்துல ஜெனரேட்டர் ஓடுது, கார் நிக்குது. முதல்ல அதைத் திறங்க. அடுத்தது, சாயங்காலம் நாலு மணிக்குப் பூட்டு போடற பள்ளிக்கூட, காலேஜ் மைதானங்களை ஊர்ப் பசங்களுக்கு ரெண்டு மணி நேரம் திறந்து விடச் சொல்லுங்க. இவ்வளவையும் செஞ்சு முடிச்சிட்டு, அப்புறமும் பத்தலன்னா வாங்க, பேசலாம். வீட்ல அஞ்சு ரூம் பூட்டி வச்சிக்கிட்டு, படுக்க இடமில்லன்னு கோயில் மரத்தை வெட்டுறது என்ன நியாயம்?

சட்டமும் நம்ம பக்கம் கொஞ்சம் இருக்கு. காடுன்னா யார் பேர்ல இருந்தாலும், ரெக்கார்டுல என்ன எழுதியிருந்தாலும், அகராதிப்படி காடா இருந்தா அது காடுதான்னு 1996 டிசம்பர்ல கோதாவர்மன் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2023ல வன சட்டத்தைத் திருத்தி அந்த அர்த்தத்தைச் சுருக்கப் பாத்தாங்க. 2024 பிப்ரவரியில கோர்ட்டு, பழைய அர்த்தத்தையே இப்போதைக்குப் பின்பத்துங்கன்னுச்சு. 2011 ஜனவரியில ஜக்பால் சிங் வழக்குல, ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமிச்சவங்களை வெளியேத்தி ஊருக்கே திருப்பிக் குடுக்கத் திட்டம் போடுங்கன்னு எல்லா மாநிலத்துக்கும் உத்தரவு போட்டுச்சு. சட்டம் இருக்கு. அதை எடுத்துக்கிட்டுப் போக ஆள்தான் வேணும்.

இங்கதான் நகரத்து நண்பர்கள்கிட்ட ஒன்னு சொல்லணும். கொஞ்சம் காரமாவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. படூர் இன்னும் கிராம ஊராட்சி. இங்க ஃபிளாட் வாங்கிக் குடிவந்து, இங்கயே வோட்டர் லிஸ்ட்ல பேர் வச்சிருந்தா, நீங்களும் எங்க கிராம சபை உறுப்பினர். வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வந்திருக்கீங்களா? நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க வந்து உக்காந்து கேள்வி கேக்குறாங்க. இங்கிலீஷ்ல மனு எழுதத் தெரிஞ்ச, ஆர்.டி.ஐ. போடத் தெரிஞ்ச, கூகுள் மேப்ல பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல வச்சிக் காட்டத் தெரிஞ்ச நீங்க வர்றதில்ல. லீவு நாள்னு மகாபலிபுரம் போயிடறீங்க. போற வழியில காடு இருந்த இடத்துல போர்டு மாறியிருந்தா, ஒரு போட்டோ எடுத்து சோகமா ஸ்டேட்டஸ் வைக்கிறீங்க.

ஸ்டேட்டஸால ஒரு சூரைச் செடியக்கூடக் காப்பாத்த முடியாது. தாலுகா ஆபீஸ்ல அ-பதிவேடு இருக்கு. உங்க வீட்டைச் சுத்தி இருக்கிற சர்வே நம்பர் ஒவ்வொன்னும் அதுல என்ன வகைப்பாட்டுல இருக்குன்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஏரியா, தாங்கலா, மேய்க்காலா, கழுவெளியா, வாய்க்காலா. எழுதி வச்சிக்கோங்க. நில வகைப்பாடு மாத்தறதுக்கு முன்னாடி ஆட்சேபணை கேட்டுப் பேப்பர்ல விளம்பரம் வரும். சின்ன எழுத்துல, யாரும் படிக்காத பக்கத்துல வரும். அதைப் படிக்கிற ஆளா நீங்க இருங்க. ஆட்சேபணைக் கடுதாசி ஒன்னு போதாது, நூறு வேணும். சிங்கப்பூர்க்காரன் மாதிரி, இருக்கிறதைக் கணக்கெடுங்க. உங்க பிள்ளைங்களையே கூட்டிட்டுப் போங்க. எத்தனை வகைப் பறவை, எத்தனை வகைப் பட்டாம்பூச்சின்னு ஒரு வருஷம் நோட்டுல எழுதட்டும். ஓடுறது, ஏறுறது, ஒளியறது, கீழ விழறதுன்னு அதுவும் ஒரு விளையாட்டுதான்.

அடுத்த தடவை யாராவது ஒரு புதரைக் காட்டி, இது சும்மாதானே கிடக்குதுன்னு உங்ககிட்ட சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "போன மழைக்கு இதுல எவ்வளவு தண்ணி நின்னுச்சு, இந்த மழைக்கு அது யார் வீட்ல நிக்கப்போவுது?" பதில் தெரியற வரைக்கும் எந்த ஜேசிபிக்கும் வழி விடாதீங்க. இனி வர்ற கிராம சபைக்கு வாங்க. நாற்காலி நான் போட்டு வைக்கிறேன்.